பத்து டிகிரி தண்ணியில எத்தனை நிமிஷம்? 2015 நார்ஸ்மேன் நீச்சலைப் பாதியா வெட்டின கதை

நார்வேயோட மேற்குப் பக்கம் ஹார்டாங்கர் ஃபியோர்டுன்னு ஒன்னு இருக்கு, கடல் மலைகளுக்கு நடுவுல புகுந்து ரொம்ப தூரம் உள்ள வந்து கிடக்கும், அதோட உள்மூலையில ஐட்ஃபியோர்டுன்னு ஒரு சின்ன ஊரு. ஒவ்வொரு ஆகஸ்ட்டும் விடியறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல இருந்து ஒரு ஃபெர்ரி கிளம்பும். கார் ஏத்துற சாதாரண ஃபெர்ரிதான், ஆனா அன்னைக்கு கார் நிக்கிற தளத்துல கருப்பு ரப்பர் டிரஸ்ல சுமார் 250 பேர் நிப்பாங்க. 5 மணிக்கு முன்னாடி எல்லாரும் அந்த ஃபெர்ரியிலிருந்து தண்ணிக்குள்ள குதிக்கணும், ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். 3.8 கி.மீ. நீச்சல், அப்புறம் 180 கி.மீ. சைக்கிள், அப்புறம் ஒரு ஃபுல் மாரத்தான், அதுவும் முடியற இடம் கௌஸ்டாடோப்பன்ங்கிற மலை உச்சிக்குக் கிட்ட, கடல் மட்டத்துக்கு மேல சுமார் 1,850 மீட்டர். இதுதான் நார்ஸ்மேன், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒன்னு பின்னால ஒன்னா முடிக்கிற ட்ரையத்லான் ரேஸ். முதல் 160 பேருக்குள்ள வந்தா உச்சி வரைக்கும் போகலாம், கருப்பு டி-ஷர்ட் கிடைக்கும், மத்தவங்களுக்கு கீழேயே இன்னொரு ஃபினிஷ், வெள்ளை டி-ஷர்ட். மெடல் கிடையாது. இந்த டி-ஷர்ட்டுக்காக ஆளுங்க வருஷக்கணக்கா லாட்டரியில பேர் போட்டுக் காத்திருப்பாங்க.

2015-ல அந்த நீச்சலைப் பாதியா வெட்டிட்டாங்க. தண்ணி டெம்பரேச்சர் 10 டிகிரி கிட்ட இருந்துச்சு, அதனால 3.8-க்கு பதிலா 1.9 கி.மீ. மட்டும்தான். கஷ்டத்தைக் காட்டியே பேர் வாங்கின ரேஸ் இது, அதுல போய் தூரத்தைக் குறைக்கிறதுன்னா என்ன அர்த்தம்னு யாருக்கும் தோணும், எனக்கும் முதல்ல படிச்சப்போ அப்படித்தான் தோணுச்சு. எல்லாரும்தான் அந்த ரப்பர் டிரஸ், அதாவது வெட்சூட் போட்டிருக்காங்களே, குளிருக்குத்தானே வெட்சூட், அப்புறம் எதுக்கு வெட்டணும்? இந்தக் கேள்விக்கு பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. தெர்மாமீட்டர் ஒரு நம்பர் சொல்லுது, ஆனா உடம்புக்கு அந்த நம்பர் மட்டும் பத்தல, அதுல எவ்ளோ நேரம் கிடக்கப் போறோம்ங்கிறதும் சேர்ந்தாதான் கணக்கு வரும். அதை அந்த ரேஸ் நடத்தினவங்க சரியான நேரத்துல புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

முதல்ல தண்ணி ஏன் அவ்ளோ ஜில்லுன்னு இருந்துச்சுன்னு பாப்போம். ஐட்ஃபியோர்டு பக்கம் சாதாரணமா ஆகஸ்ட்ல 13-லிருந்து 17 டிகிரி வரைக்கும் இருக்கும். அந்த வருஷம் மலையில பனி லேட்டாதான் உருகுச்சு, கோடை நடுவுலயும் ஹார்டாங்கர்விட்டா பீடபூமி மேல நிறைய பனி மிச்சம் இருந்துச்சு, அந்த உருகின தண்ணி எல்லாம் ஆறா இறங்கி நேரா ஃபியோர்டு தலைப்புக்கு வந்து சேரும். இங்கதான் ஒரு சின்ன விஷயம் கவனிக்கணும். உப்புத் தண்ணியை விட நல்ல தண்ணி லேசு. அதனால இந்தப் பனித்தண்ணி கடல் தண்ணியோட உடனே கலந்துடாது, மேல ஒரு போர்வை மாதிரி விரிஞ்சு கிடக்கும். நீச்சல்காரன் நீந்துறதும் அந்தப் போர்வைக்குள்ளதான், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ள. காத்து அடிக்கிற திசை மாறினா இந்த மேல்படலம் ஒரு பக்கமா ஒதுங்கும், இல்லன்னா திரும்பி வரும், அதனால நேத்து எடுத்த ரீடிங்கும் இன்னைக்கு எடுக்கிறதும் ஒன்னா இருக்கும்னு நம்ப முடியாது. நம்ம ஊர் கடல்ல குளிக்கிறப்பவே கால்ல திடீர்னு ஜில்லுன்னு ஒரு பட்டை பட்டுட்டுப் போகும்ல, அதோட பெரிய அண்ணன் இது.

அதனாலதான் எங்க அளக்கறது, எந்த ஆழத்துல அளக்கறதுங்கிறதையே ரூல் புக்ல எழுதி வச்சிருக்காங்க. ட்ரையத்லானை உலக அளவுல நடத்துற அமைப்பு, அப்போ ஐடியூ, இப்போ வேர்ல்ட் ட்ரையத்லான்னு பேரு, அவங்க ரூல்படி ரேஸ் அன்னைக்கு ஸ்டார்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, நீச்சல் பாதையோட நடுவுலயும் இன்னும் ரெண்டு இடத்துலயும், 60 சென்டிமீட்டர் ஆழத்துல அளக்கணும், மூணுல எது குறைச்சலோ அதுதான் அதிகாரப்பூர்வ டெம்பரேச்சர். சராசரி இல்ல, குறைச்சலானது. வெறும் நீச்சல் போட்டிக்காரங்க ரூல்ல 40 சென்டிமீட்டர், ரெண்டு மணி நேரம் முன்னாடி. 20 சென்டிமீட்டர்ல என்ன வந்துடப் போகுதுன்னு சிரிக்கலாம், மேல வெயில்பட்ட தண்ணி கீழே ஜில்லு, இல்லன்னா மேல பனித்தண்ணி கீழே கடல் தண்ணின்னு இருக்கிற இடத்துல அந்த 20 சென்டிமீட்டர் வெட்சூட் உண்டா இல்லையான்னே மாத்திப் போட்டுடும்.

வெட்சூட் ரூல் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஒலிம்பிக் தூரத்துல, அதாவது 1,500 மீட்டர் நீச்சல்ல, எலீட், அதாவது தொழில்முறை ஆளுங்களுக்கு தண்ணி 20 டிகிரிக்கு வந்துட்டா வெட்சூட் கூடாது. நம்மள மாதிரி வயசு வாரியா போட்டி போடற ஏஜ்-குரூப் ஆளுங்களுக்கு 22 வரைக்கும் விடுவாங்க, நீளமான ரேஸ்னா 24.6 வரைக்கும். கீழ்ப்பக்கம் 16 டிகிரிக்குக் கீழே போனா கட்டாயம் போட்டே ஆகணும். நீளமான ட்ரையத்லான் நடத்துற அயர்ன்மேன் கம்பெனியோட ரேஸ்ல 24.5 வரைக்கும் தாராளமா போடலாம், அதுக்கு மேல 28.8 வரைக்கும் சில இடத்துல போட்டுக்கலாம் ஆனா பரிசு கிடையாது, அதையும் தாண்டினா சுத்தமா தடை. ஹவாய் கோனாவுல தண்ணி 26 டிகிரி சுமாருக்கு இருக்கும், உலக சாம்பியன்ஷிப்பே ஆனாலும் அங்க வெட்சூட் இல்லாமதான். தடிமன் எங்கயும் 5 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது.

இந்த எல்லைகளைப் பார்த்தா ஒன்னு கவனிப்பீங்க. எல்லாமே "போடு, போடாதே"ன்னு சொல்ற நம்பர். 16-க்குக் கீழே போடுன்னு சொல்லிட்டா 15.5-ம் 10-ம் வெட்சூட் விஷயத்துல ஒன்னுதான், ரெண்டுலயும் கட்டாயம், அவ்ளோதான். ஆனா வெட்சூட் தைக்கிற அந்த 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் ரப்பருக்கு இந்த ரெண்டும் ஒன்னு இல்ல.

வெட்சூட் எப்படி வேலை செய்யுதுங்கிறதுல பல பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கு. உள்ள தண்ணி வராதுன்னு நினைக்கிறாங்க. வரும். பேர்லயே வெட் இருக்கு. உள்ள வந்த கொஞ்சம் தண்ணி உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவுல மாட்டிக்கும், உடம்பு அதைச் சூடாக்கும், ஆனா உண்மையான வேலை பண்றது அந்தத் தண்ணி இல்ல, நியோப்ரீனுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற குட்டிக் குட்டி வாயு குமிழிங்க. தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும், அந்தக் குமிழிங்க நடுவுல நின்னு அந்த ஓட்டத்தைத் தடுக்குது. தடுக்குதுன்னா நிறுத்துதுன்னு இல்ல, மெதுவாக்குது. வெளிய 10 டிகிரி, உள்ள 37, நடுவுல 27 டிகிரி வித்தியாசம், சூடு போய்க்கிட்டேதான் இருக்கும். கை, கால் பாதம், முகம் எல்லாம் எப்படியும் வெளியதான் இருக்கு. 1952-ல பெர்க்லியில ஹியூ பிராட்னர்ங்கிற இயற்பியல் விஞ்ஞானி இந்த ஐடியாவைக் கொண்டு வந்தப்போ அது கடற்படை முக்குளிக்கிறவங்களுக்காக, ட்ரையத்லான்காரனுக்கு இல்ல.

ட்ரையத்லானுக்குன்னே தனியா வெட்சூட் தைச்சது 1987-ல, கலிஃபோர்னியாவுல டான் எம்ஃபீல்டு, குவின்டானா ரூங்கிற கம்பெனி. அன்னையிலிருந்து கதையே மாறிடுச்சு. அந்தக் குமிழிங்க சூட்டை மட்டும் பிடிச்சு வைக்கல, ஆளையும் மிதக்க வைக்குது. இடுப்பும் காலும் மேல வந்துடும், தண்ணி இழுக்கறது குறையும், அதே உழைப்புக்கு வேகம் கூடும். அதுலயும் யாருக்கு லாபம் அதிகம்னா நல்லா நீந்தறவனுக்கு இல்ல, கால் மூழ்கிப் போற ஆளுக்குத்தான். அதனாலதான் ரேஸ் அன்னைக்குக் காலையில எல்லாரும் டெம்பரேச்சர் அறிவிப்புக்கு காது கொடுத்து நிப்பாங்க, 24.4-னா ஒரு சந்தோஷ சத்தம் வரும், குளிரும்னு இல்ல, மிதக்கலாம்னு. என்னையும் சேர்த்துதான் சொல்றேன்.

இதுல ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு, நார்ஸ்மேன் விஷயத்துல அதுதான் மையம்னு எனக்குப் படுது. வெட்சூட் கட்டாயம்னு ஆனதால வெட்சூட் இல்லாம 3.8 கி.மீ. போகவே முடியாத ஆளுங்களும் அந்த ஃபெர்ரியில ஏறலாம். அவங்க ஒரு மணி நேரத்துல முடிக்கிற ஆளுங்க இல்ல, ஒன்னே முக்கால், ரெண்டு மணி நேரம் எடுப்பாங்க. மெதுவா நீந்தறவன் உடம்பு உற்பத்தி பண்ற சூடும் குறைச்சல். அதாவது குளிரைத் தாங்குற சக்தி யாருக்குக் கம்மியோ அவங்கதான் அதிக நேரம் அதுல கிடக்கறாங்க, அங்க அவங்களைக் கொண்டு போய் விட்டதும் அதே வெட்சூட்தான்.

சரி, 10 டிகிரி தண்ணியில விழுந்தா உடம்புக்கு என்னதான் ஆகுது. இங்க எல்லாரும் உடம்புச் சூடு ரொம்ப இறங்கிப் போற ஹைப்போதெர்மியான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க, ஆனா அது கடைசியா வர்றது. முதல்ல வர்றது கோல்டு ஷாக். தோல் திடீர்னு குளிர்ந்த உடனே தன்னையறியாம ஒரு பெரிய மூச்சு உள்ள இழுக்கும், அந்த நொடியில முகம் தண்ணிக்குள்ள இருந்தா முடிஞ்சது கதை. அப்புறம் தாறுமாறா மூச்சு வாங்கும், ஹார்ட் ரேட், பிரஷர் ரெண்டும் எகிறும். முதல் அரை நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடும். இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்துல மைக் டிப்டன்னு ஒருத்தர் வாழ்க்கை பூரா இதைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கார். அவர் சேர்ந்து எழுதின இன்னொரு விஷயம், குளிர் ஷாக் இதயத்தை வேகமா ஓடச் சொல்லும், முகம் தண்ணியில பட்டு மூச்சைப் பிடிச்சா வர்ற டைவிங் ரிஃப்ளெக்ஸ் மெதுவா ஓடச் சொல்லும், ரெண்டு சிக்னலும் ஒரே நேரத்துல போனா இதயத்துடிப்பு தடம் மாற வாய்ப்பு இருக்கு. அமெரிக்காவுல 1985-லிருந்து 2016 வரைக்கும் ட்ரையத்லான்ல நடந்த திடீர் மரணம், கார்டியாக் அரெஸ்ட் எல்லாம் சேர்த்து 135 கேஸ் எடுத்துப் பாத்தாங்க, அதுல 90 நீச்சல்ல நடந்தது. நாள் பூரா ஓடற ரேஸ்ல நீச்சல் ஒரு சின்னத் துண்டு, மூணுல ரெண்டு பங்கு கேஸ் அங்க. எல்லாத்துக்கும் குளிர்தான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அந்த முதல் நிமிஷங்களை யாரும் லேசா எடுத்துக்கக் கூடாது.

நார்ஸ்மேன் ஃபெர்ரியில குதிக்கறதுக்கு முன்னாடி ஹோஸ் பைப்பை வச்சு ஃபியோர்டு தண்ணியை ஆளுங்க மேல பீச்சி அடிப்பாங்க. வீடியோல பாக்கறப்போ ஏதோ திருவிழா மாதிரி தெரியும், மஞ்சத்தண்ணி ஊத்தற மாதிரி. ஆனா அதுல ஒரு அர்த்தம் இருக்கு, முகத்துலயும் கழுத்துலயும் முதல் அடி மேல தளத்துலயே, நின்னுக்கிட்டு மூச்சு விட முடியற இடத்துலயே வாங்கிக்கிட்டா, 4 மீட்டர் கீழே விழுந்து மூழ்கி எழும்பறப்போ அதே அதிர்ச்சி கொஞ்சம் மழுங்கி இருக்கும்.

ரெண்டாவது கட்டம் கை செத்துப் போறது. 10-லிருந்து 30 நிமிஷத்துக்குள்ள முன்கையில நரம்பும் தசையும் குளிர்ந்துடும், விரல் விரிஞ்சு போயிடும், தண்ணியைப் பிடிக்க முடியாது, உடம்போட நடுச்சூடு இன்னும் நார்மலா இருக்கும் ஆனா ஸ்ட்ரோக், அதாவது நீந்தறப்போ கை வீசற வீச்சு, உடைஞ்சுடும். வெட்சூட் போட்டவனுக்கு இது கொஞ்சம் லேட்டா வரும், ஆனா கை வெறும் கைதானே. மூணாவதுதான் ஹைப்போதெர்மியா, நடுச்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கறது. இதுக்கு நேரம் பிடிக்கும். எவ்ளோ நேரம்ங்கிறதுதான் 2015-ல யாருக்கும் ஒழுங்கா தெரியாத விஷயம்.

ஏன்னா அதுவரைக்கும் இருந்த குளிர்த்தண்ணி ஆராய்ச்சி எல்லாம் பெரும்பாலும் கப்பல் கவிழ்ந்தவன், படகுலயிருந்து விழுந்தவன், சாதாரண டிரஸ்ல மிதக்கறவன், இவங்களைப் பத்தினது. வெட்சூட் போட்டுக்கிட்டு, தானா இஷ்டப்பட்டு, முழு வேகத்துல ஒன்றரை மணி நேரம் 10 டிகிரியில நீந்தற ஆளைப் பத்தின அளவு கொஞ்சம்தான். ரேஸ் நடத்தறவங்க கையில சான்று பத்தாம முடிவு எடுக்க வேண்டிய நிலை. பாதியா வெட்டினாங்க.

அப்புறம் அவங்க பண்ணின வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெட்டினோம், ரேஸ் முடிஞ்சது, யாருக்கும் ஒன்னும் ஆகலன்னு விட்டுடல. ரேஸோட பாதுகாப்பு, மருத்துவ வேலையில இருந்த ஜோர்கன் மெலாவ்ங்கிறவரும் கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் இதையே கேள்வியா எடுத்துக்கிட்டு 2019-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 20 ட்ரையத்லான் ஆளுங்க, 12 ஆண், 8 பெண், வெட்சூட் போட்டு 10 டிகிரி கடல் தண்ணியில நீந்த விட்டு, மலக்குடல்ல சென்சார் வச்சு நடுச்சூட்டை அளந்துக்கிட்டே இருந்தாங்க. (ஆமா, அங்கதான் வச்சாங்க, வாயில வச்சு நீந்த முடியாது, இப்படி ஒரு சோதனைக்கு தானா பேர் கொடுத்த 20 பேருக்கும் ஒரு கும்பிடு.)

வந்த முடிவு இது. முதல் 10-15 நிமிஷம் யாருக்கும் நடுச்சூடு இறங்கவே இல்ல. முதல் 30 நிமிஷத்துல ஒருத்தருக்குக்கூட 2 டிகிரிக்கு மேல இறங்கல. அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு கோடு, ஒருத்தர் கிராஃப் அப்படியே சமமா போகும், இன்னொருத்தருக்கு சறுக்குமரம் மாதிரி இறங்கும். அந்த இறக்கத்தை அப்படியே நீட்டி 135 நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டாங்க, கணக்குல எடுத்த 17 பேர்ல 8 பேருக்கு 2 டிகிரிக்கு மேல இறங்கியிருக்கும்னு வந்துச்சு. 37-ல 2 போனா 35, ஹைப்போதெர்மியா வாசல். 135 நிமிஷம் ஏன்னா 2 மணி 15 நிமிஷம், நீளமான நீச்சலுக்கு ட்ரையத்லான் ரூல்ல தண்ணிக்குள்ள இருக்க விடற அதிகபட்ச நேரம். அதாவது ரூல் புக் அனுமதிக்கிற கடைசி நிமிஷம் வரைக்கும் 10 டிகிரியில ஒருத்தன் கிடந்தா, வெட்சூட் போட்டிருந்தும், பாதிக்குப் பாதி வாய்ப்புல அவன் ஹைப்போதெர்மியாவுக்குப் பக்கத்துல போய் நிப்பான்.

இதை 2015 முடிவு மேல வச்சுப் பாருங்க. 3.8 கி.மீ.-ஐ 75 நிமிஷத்துல முடிக்கிற சுமார் வேக ஆளுக்கு 1.9-னா 37, 38 நிமிஷம். ஆய்வுல எல்லாருமே தாக்குப் பிடிச்ச அந்த அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. 2 மணி நேரம் எடுக்கிற ஆளுக்கு ஒரு மணி நேரம். வேகமான ஆளுங்களுக்கு இந்த வெட்டு தேவையே இல்லாம இருந்திருக்கலாம், 50 நிமிஷத்துல வெளிய வந்து சைக்கிள் ஏறியிருப்பாங்க. வெட்டினது கடைசியில வர்றவங்களுக்காக. கிலோமீட்டரை வெட்டினதா வெளிய தெரிஞ்சாலும் உண்மையில நிமிஷத்தைத்தான் வெட்டினாங்க, அதுவும் நிறைய நிமிஷம் இருந்தவங்ககிட்டயிருந்துதான் நிறைய போச்சு. ஒரு ஆளும் பாதி வழியில "உன் உடம்பு இறங்குது, போதும் வா"ன்னு சொல்ல முடியாத இடத்துல, ஏன்னா யாரு சமக்கோடு யாரு சறுக்குமரம்னு வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது, எல்லாருக்கும் சேர்த்து வெட்டறது தவிர வேற நியாயமான வழி எனக்குத் தெரியல.

ஆய்வு வந்ததால முடிவு சரின்னு நான் சொல்லல, முடிவு முதல்ல வந்துச்சு. அவங்க சந்தேகத்தை எச்சரிக்கையா மாத்தினாங்க, அப்புறம் சந்தேகத்தை அளந்தாங்க. நம்ம ஊர்ல பல விஷயத்துல இது தலைகீழாத்தான் நடக்குது, போகட்டும்.

நீச்சல் முடிஞ்சதோட விஷயம் முடியறதும் இல்ல. குளிர்ந்த உடம்பை தண்ணியிலிருந்து வெளிய எடுத்த பிறகும் நடுச்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கிட்டே இருக்கும், ஆஃப்டர்டிராப்னு சொல்வாங்க. நீச்சலை முடிச்சுட்டு நல்லாத்தான் இருக்கேன்னு சிரிக்கிற ஆளு பத்து நிமிஷம் கழிச்சு பல்லு கிட்டிப் போய் நிப்பார். நார்ஸ்மேன்ல வெளிய வந்த உடனே ஈரத்தோட சைக்கிள் ஏறி கடல் மட்டத்திலிருந்து 1,250 மீட்டர் பக்கம் உயரத்துல இருக்கிற டைரானுட் வரைக்கும் ஏறணும். ஏத்தம் ஒரு வகையில நல்லது, தசை வேலை செஞ்சா சூடு வரும். ஆனா விரல் விறைச்சவன் பிரேக்கைப் பிடிக்க முடியுமா, சூ லேஸ் கட்ட முடியுமா? இங்கதான் அந்த ரேஸோட இன்னொரு ரூல் உதவுது, ஒவ்வொருத்தரும் தனக்குன்னு சப்போர்ட் ஆள் கூட்டிட்டு வந்தே ஆகணும், சாப்பாடு, டிரஸ் எல்லாம் அவங்க பொறுப்பு. குளிர்ல விறைச்சு வர்ற ஆளோட ஜிப்பை இழுத்து, துடைச்சு, காஞ்ச டிரஸ் மாட்டி விட ஒருத்தர் கூட நிக்கறது எந்த மெடிக்கல் டென்ட்டை விடவும் சீக்கிரமான சிகிச்சை. மத்த பெரிய ரேஸ்ல ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவுல இதை எதிர்பார்க்க முடியாது.

இதோட மறுமுனையையும் பார்க்கணும், இல்லன்னா குளிர் மட்டும்தான் ஆபத்துன்னு ஆயிடும், நம்மள மாதிரி சூட்டு ஊர்க்காரங்களுக்கு அந்த முனைதான் நெருக்கம். 2010 அக்டோபர் 23, ஐக்கிய அரபு அமீரகத்துல ஃபுஜைரா, உலக நீச்சல் அமைப்பான ஃபினாவோட 10 கி.மீ. உலகக் கோப்பை நீச்சல். இது ட்ரையத்லான் இல்ல, வெட்சூட்டும் இல்ல. தண்ணி சுமார் 30 டிகிரி. அமெரிக்காவோட ஃபிரான் கிரிப்பன், 26 வயசு, முந்தின வருஷம் ரோம் உலக சாம்பியன்ஷிப்ல 10 கி.மீ.-ல வெண்கலம் வாங்கின ஆளு, ஃபினிஷுக்கு சில நூறு மீட்டர் முன்னாடி காணாம போயிட்டார். கரையேறின கூட்டாளி அலெக்ஸ் மேயர்தான் ஆள் வரலையேன்னு கவனிச்சது. உடம்பு கிடைக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் போல ஆச்சு. அன்னைக்கு மத்த நீச்சல்காரங்க சில பேரும் சூட்டுல வாடி ஆஸ்பத்திரி போனாங்க. ஜெயிச்ச ஜெர்மனிக்காரர் தாமஸ் லூர்ஸே தண்ணி ரொம்ப சூடுன்னு சொன்னார்.

அப்போ மேல் எல்லைன்னு ஒன்னு ஃபினா ரூல்ல கிடையாது, கீழ் எல்லை 16 மட்டும் இருந்துச்சு. கிரிப்பன் சாவுக்கப்புறம்தான் 31 டிகிரின்னு மேல் எல்லை வந்துச்சு. அமெரிக்க நீச்சல் சம்மேளனம் அதை விடக் கீழே, 29.45-ல கோடு போட்டுக்கிச்சு. 30 டிகிரி தண்ணியில என்ன பிரச்சனை, நம்ம மெரினாவுல கோடையில அப்படித்தானே இருக்குன்னு கேப்பீங்க. குளிக்கறவனுக்குப் பிரச்சனை இல்ல. ரெண்டு மணி நேரம் முழு மூச்சா நீந்தற உடம்பு ஒரு அடுப்பு. ரோட்ல ஓடறவனுக்கு வேர்வை ஆவியாகி சூட்டை எடுத்துட்டுப் போகும், தண்ணிக்குள்ள வேர்வை ஆவியாக முடியாது, வேர்க்கும் ஆனா பிரயோஜனம் இல்ல, உடம்புல தண்ணிச்சத்து போறதுதான் மிச்சம். சூடு வெளிய போக ஒரே வழி சுத்தி இருக்கிற தண்ணி, அதுவே தோலோட சூட்டுக்குப் பக்கத்துல வந்துட்டா அந்தக் கதவும் பாதி சாத்தின மாதிரி. இந்த இடத்துல ஒருத்தனுக்கு வெட்சூட்டும் போட்டு விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. குளிர்ல அவனைக் காப்பாத்தின அதே குமிழிங்க இங்க அடுப்புக்கு மூடி. 24.6, 22, 20-ன்னு அந்த எல்லைகள் எலீட்டுக்குக் கம்மியாவும் நமக்குக் கொஞ்சம் தாராளமாவும் இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், அவங்க அடுப்பு பெருசு.

நானும் ஒரு தடவை முட்டாள்தனம் பண்ணேன். வாடகைக்கு எடுத்த வெட்சூட்டை டெஸ்ட் பண்றேன்னு நீலாங்கரை பக்கம் ஏப்ரல் மாசம் கடல்ல இறங்கி அரை மணி நேரம் நீந்தினேன், கரைக்கு வந்தப்போ மூஞ்சி தக்காளி, தலை சுத்தல், ஜிப்பை இழுக்க கை எட்டல, மீன்காரர் ஒருத்தர் வந்து இழுத்து விட்டு "என்ன தம்பி, உரிச்ச வாழைப்பழம் மாதிரி இருக்க"ன்னு கேட்டார்.

குளிர்ப்பக்கம் திரும்பி வர்றேன். இங்க யாராவது குற்றாலீஸ்வரனை ஞாபகப்படுத்துவாங்க, சரியான கேள்விதான். 1994-ல, பன்னெண்டு வயசுல, அந்தப் பையன் இங்கிலீஷ் சேனலைக் கடந்தப்போ வெட்சூட் கிடையாது, சேனல் ரூல்படி சாதாரண நீச்சல் டிரஸ், தொப்பி, கண்ணாடி, உடம்புல கிரீஸ், அவ்ளோதான். ஆகஸ்ட்ல அங்க தண்ணி 15-லிருந்து 18 டிகிரி இருக்கும். பல மணி நேரம். அப்போ நார்ஸ்மேன்காரங்க பயந்தாங்கொள்ளியா? இல்ல. 10-க்கும் 17-க்கும் நடுவுல இருக்கிற 7 டிகிரி சின்ன விஷயம் இல்ல, அதோட சேனல்காரன் மாசக்கணக்கா குளிர்லயே பழகுவான், கூடவே ஒரு படகு அவன் ஸ்ட்ரோக்கை எண்ணிக்கிட்டே வரும், ஸ்ட்ரோக் எண்ணிக்கை விழுந்தா தூக்கிடுவாங்க. ஒரு ஆளுக்கு ஒரு படகு. 250 பேருக்கு நடுவுல யாரு யாரை எண்றது.

பழக்கம்ங்கிறது கதை இல்ல, அளந்த விஷயம். ரெண்டு மூணு நிமிஷம் வீதம் ஒரு அஞ்சாறு தடவை குளிர்த்தண்ணியில இறங்கினாலே கோல்டு ஷாக் ஏறக்குறைய பாதியா குறையும், அது மாசக்கணக்கா கொஞ்சம் நிலைச்சும் நிக்கும். ஆனா அது முதல் ரெண்டு நிமிஷத்துக்கான மருந்து. ஒரு மணி நேரம் கழிச்சு நடுச்சூடு இறங்கறதை அது நிறுத்தாது, அதுக்கு உடம்புக் கொழுப்பு, வேகம், நேரம் இந்த மூணும்தான்.

இதையெல்லாம் நான் தோண்டினதுக்குக் காரணம் என் ஃப்ரெண்ட் ஒருத்தன், ஐரோப்பாவுல ஒரு குளிர்த்தண்ணி ரேஸுக்கு பேர் கொடுத்திருக்கான். பூல்ல அவனோட 3.8 கி.மீ. டைம் 1 மணி 50 நிமிஷம், ஒல்லிக்குச்சி, பிறந்ததிலிருந்து சென்னையைத் தாண்டி குளிர்னு ஒன்னைப் பாத்தது கொடைக்கானல்ல ஸ்வெட்டரோட. மெலாவ் ஆய்வுல இருந்த 20 பேரும் ட்ரையத்லானுக்குன்னே உடம்பைத் தயார் பண்ணினவங்க, அவங்கள்லயே பாதிப் பேருக்கு 135 நிமிஷக் கணக்கு அப்படி வருதுன்னா இவனுக்கு எப்படி வரும்னு அந்த ஆய்வால சொல்ல முடியாது, இவன மாதிரி ஆள் அதுல இல்லவே இல்ல. "மச்சி, அங்க தூரத்தைக் குறைச்சாங்கன்னா அழாத, குறைக்கலன்னா எனக்கு போன் பண்ணு"ன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு பிளாஸ்டிக் டிரம், மீன் மார்க்கெட்ல ஐஸ் பார், வாரம் மூணு நாள் மூணு நிமிஷம், முகம் முதல்ல, அப்புறம் 1 மணி 50-ஐ 1 மணி 30-க்குக் கொண்டு வர நீச்சல் டெக்னிக், இதுதான் அவனுக்குப் போட்ட பிளான். அவன் முதல் வேலையா 40,000 ரூபாய்க்கு வெட்சூட் ஆர்டர் பண்ணிட்டான். டிரம் இன்னும் வாங்கல.